ட்ரிகர் கார்டு அடித்த நடுவிரல்: ஒரு வங்கிக் காவலருக்கு நடந்தது

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தில், அதிலும் கல்குளம், விளவங்கோடு பக்கம், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களில் பலர் சொந்தப் பெயரில் துப்பாக்கி உரிமம் எடுத்து வங்கியிலோ நகைக்கடன் நிறுவனத்திலோ காவலுக்குச் சேருகிறார்கள். கையில் இருப்பது பெரும்பாலும் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி, அதாவது சிறு ஈயக்குண்டுகளைச் சிதறிச் சுடும் வகை. வருஷத்தில் ஒருமுறை அனுமதி வாங்கி, போலீஸ் கண்காணிப்பில் சில தோட்டாக்கள் சுட்டுப் பழகுவார்கள். மற்ற நாளெல்லாம் துப்பாக்கி தோளில் தொங்கும், அவ்வளவுதான்.

நான் சுபேதாராக ஓய்வு பெற்றவன். பணியில் இருந்தபோது ஆயுதப் பயிற்சி கொடுத்தேன். இப்போது இந்த வருடாந்தரப் பயிற்சியில் காவலர்களுக்கு உதவியாக நிற்கிறேன். கீழே உள்ளது அப்படி ஒரு நாளில் நடந்ததும் அதன் பிறகு சில மாதங்களில் நடந்ததும். சம்பந்தப்பட்டவர் சம்மதித்திருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

அவருக்கு வயது 57. காலாட்படையில் இருந்தவர். பணியின் முதல் பாதியில் கையாண்ட ராணுவ ரைஃபிள் 7.62 எஸ்.எல்.ஆர்., அப்புறம் 5.56 இன்சாஸ். நல்ல உயரம், நீண்ட கை. துப்பாக்கி சொந்தமாக வாங்கியது, எடை மூன்று கிலோவுக்குச் சற்று மேல், இரண்டு ட்ரிகர், அவற்றைச் சுற்றி ட்ரிகர் கார்டு என்கிற வளைந்த உலோகப் பட்டை. முன் ட்ரிகர் வலது குழலுக்கு, பின் ட்ரிகர் இடது குழலுக்கு. தோளில் பதிக்கும் பின்கட்டையின் அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் தகடு. கைப்பிடிப் பகுதியில் செதுக்கியிருந்த சொரசொரப்பு தேய்ந்து போயிருந்தது.

முந்தைய வருஷங்களிலும் சுட்ட பிறகு நடுவிரல் வலித்திருக்கிறது. இரண்டு நாளில் போய்விடும் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. இது எங்களுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

சுடுதளத்தில் நடந்தது

ஜூன் மாதம், காலை நேரம், சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. முந்தின இரவு அவர் துப்பாக்கியைத் துடைத்து, குழலுக்கு எண்ணெய் போட்டதோடு நிற்காமல் கட்டைக்கும் தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டு வந்திருந்தார். கட்டை பளபளவென்று இருந்தது.

இரண்டு குழலிலும் தோட்டா போட்டு, முதலில் முன் ட்ரிகரை இழுத்தார். வெடித்ததும் முகம் சுளித்தது. கேட்டபோது, "ஒண்ணும் இல்ல சாப், லேசா தட்டிச்சு" என்றார். பிறகு பின் ட்ரிகரை இழுத்தார். இந்தத் தடவை துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, வலது கையை உதறினார். பக்கத்தில் நின்ற இளைய காவலர், "அண்ணன், கையக் காட்டுங்க" என்று பிடித்துப் பார்த்தார். நடுவிரலின் நடு மூட்டில், ஆள்காட்டி விரலை ஒட்டிய பக்கம், தோல் உரிந்து சிவந்திருந்தது. ஆள்காட்டி விரலிலும் நகத்துக்குச் சற்று மேலே ஒரு சிவப்புக் கோடு.

மிச்சத் தோட்டாக்களையும் சுட்டு முடித்துவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்று நிறுத்தினேன். வலியைத் தாங்கமாட்டார் என்பதற்காக நிறுத்தவில்லை. அடி விழும் என்று கை எதிர்பார்க்க ஆரம்பித்தால் அடுத்த தோட்டாவுக்கு விரல் ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கும், கண் மூடும், குழல் இறங்கும். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் கழற்ற மாதக்கணக்காகும். காயம் அதற்கு முன்பே ஆறிவிடும்.

மோதிரம்

அவசரம் மோதிரத்தில்தான் இருந்தது. அடி வாங்கிய அதே நடுவிரலின் அடியில் அவர் ஒரு தங்க மோதிரம் போட்டிருந்தார். பத்து நிமிஷத்தில் மூட்டு வீங்கி, மோதிரம் அதைத் தாண்டி வரவில்லை. இன்னும் வீங்கினால் மோதிரமே விரலை இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

தையல் நூலை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, ஒரு முனையை உள்ளங்கைப் பக்கம் விட்டோம். மறு முனையை மோதிரத்தை ஒட்டியே ஆரம்பித்து, இடைவெளி இல்லாமல் நெருக்கமாக, மூட்டைத் தாண்டும் வரை விரலைச் சுற்றினோம். வீக்கம் நூலுக்கு அடியில் அமுங்கியது. மேலே எண்ணெய் தடவி, உள்ளங்கைப் பக்க முனையைப் பிடித்து மெல்ல அவிழ்க்க அவிழ்க்க, மோதிரம் ஒவ்வொரு சுற்றாக மேலே ஏறி வெளியே வந்தது. வலித்தது, ஆனால் வந்துவிட்டது. அந்த எண்ணெய், அவர் துப்பாக்கிக் கட்டைக்குத் தடவ வைத்திருந்த அதே தேங்காய் எண்ணெய் பாட்டில்!

பிறகு ஈரத்துணியில் ஐஸ் கட்டி வைத்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னோம்.

அன்று மாலை அவர் நேராக ஊருக்கு அருகே உள்ள வர்ம ஆசானிடம் போயிருக்கிறார். நம் மாவட்டத்தில் அடிபட்டால் கால் தானாக அங்கேதான் போகும். ஆசான் விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதலில் படம் எடுத்துக்கொண்டு வா, எலும்பு தெரியாமல் தடவ மாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். அது மிகச் சரியான முடிவு. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. மூட்டின் பக்கவாட்டுத் தசைநார் இழுபட்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து ஒட்டுத்துணியால் கட்டி, மூன்று வாரம் அப்படியே வைத்து, ஆனால் மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார்.

எங்கே அடித்தது, ஏன் அடித்தது

அன்றைக்கே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தோட்டா பழசு, மருந்து கெட்டிருக்கும் என்றார் ஒருவர். துப்பாக்கியில் கோளாறு என்றார் இன்னொருவர். வயதானால் மூட்டு அப்படித்தான் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அதே பெட்டித் தோட்டாவை மற்ற மூன்று பேர் சுட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவருடைய துப்பாக்கியை, அவரைவிடக் குள்ளமான ஒரு காவலரிடம் கொடுத்து, பொறுப்பதிகாரி முன்னிலையில் இரண்டு குழலையும் சுட வைத்தோம். அவர் விரலிலும் அடி இல்லை. ஆக, தோட்டாவும் இல்லை, துப்பாக்கியும் தனியாக இல்லை. இந்த ஆளும் இந்தத் துப்பாக்கியும் சேரும் இடத்தில் என்னவோ இருக்கிறது.

இளைய காவலர் பொறுப்பதிகாரியின் அனுமதியோடு செல்போனில் மெதுவோட்ட வீடியோ எடுத்திருந்தார். அதில் மூன்று விஷயங்கள் தெரிந்தன. இடது கை, குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையைப் பிடிக்கவே இல்லை, தட்டில் ஏந்துகிற மாதிரி அடியில் விரிந்து கிடந்தது. பின்கட்டை தோளைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. வெடித்ததும் துப்பாக்கி அந்த இடைவெளியைத் தாண்டிப் பின்னால் ஓடியது, வலது கை இருந்த இடத்திலேயே ஒரு கணம் நின்றது. ட்ரிகர் கார்டின் பின் வளைவு நேராக நடுவிரலில் வந்து மோதியது. வழுக்கும் கட்டையைத் தளர்வாகப் பிடித்தால், பிடி துப்பாக்கியோடு போகாது.

விரல் ஆறிய பிறகு, துப்பாக்கியைத் திறந்து இரண்டு அறையும் காலி என்று எல்லோருக்கும் காட்டி, ட்ரிகர் கார்டின் பின் வளைவில் சாக்பீஸ் பொடி தடவினோம். வழக்கமாகப் பிடிக்கிற மாதிரி பிடிக்கச் சொன்னோம். துப்பாக்கியைத் தள்ளவே தேவைப்படவில்லை. சும்மா பிடித்ததிலேயே, தழும்பு இருந்த அதே இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. நடுவிரல் கார்டோடு ஒட்டியே இருந்தது.

ஏன் அப்படிப் பிடிக்கிறார்? எனக்கு இங்கேதான் விஷயம் பிடிபட்டது. எஸ்.எல்.ஆரிலும் இன்சாஸிலும் கைப்பிடி தனியாகக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நடுவிரல் ட்ரிகர் கார்டுக்கு அடியில் போய் இறுக்கமாக ஒட்டும், ஒட்டத்தான் வேண்டும். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது அந்தக் கைப்பிடி முழு உள்ளங்கையையும் தள்ளும், கார்டு விரலுக்கு மேலே உரசிப் போகும். 12 போரில் கைப்பிடி என்று தனியாக எதுவும் இல்லை. கட்டையின் மெலிந்த கழுத்துதான் பிடி. அங்கே நடுவிரல் கார்டுக்கு அடியில் இருப்பதில்லை, பின்னால் இருக்கிறது. பட்டாளத்தில் இருபது வருஷம் சரியாக இருந்த பிடி இங்கே விரலைக் கார்டின் பாதையில் கொண்டுபோய் வைக்கிறது.

உதையின் அளவும் வேறு. குண்டின் எடை, வேகம், துப்பாக்கியின் எடை மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் இன்சாஸில் பின்னுதைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 4 ஜூல், எஸ்.எல்.ஆரில் 15 ஜூலுக்குப் பக்கம், 32 கிராம் ஈயக்குண்டு போட்ட 12 போரில் 30 ஜூல். அதாவது ராணுவத்தில் கடைசியாகக் கையாண்டதைவிட ஏழெட்டு மடங்கு. வங்கியில் சும்மா தோளில் தொங்குகிற துப்பாக்கிதானே என்று யாரும் இதை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆள்காட்டி விரலில் இருந்த கோடு வேறு கதை. பின் ட்ரிகரை இழுக்கும்போது விரல் இரண்டு ட்ரிகருக்கும் நடுவில் இருக்கிறது. துப்பாக்கி பின்னால் வரும்போது முன் ட்ரிகரின் முதுகு விரலின் மேல் பக்கத்தில் அடிக்கும். சில பழைய துப்பாக்கிகளில் முன் ட்ரிகர் முன்பக்கமாக மடங்கிக்கொடுக்கிற மாதிரி கீல் வைத்துச் செய்திருப்பார்கள், இந்த அடிக்காகத்தான். இவருடையதில் அது இல்லை. அவர் விரலை முதல் மூட்டு வரை உள்ளே விட்டு இழுத்ததால் அடி பலமாக விழுந்தது. இரண்டு ட்ரிகருக்கும் இடையில் ஒரு அங்குலம் அளவுக்கு இடைவெளி உண்டு. அதனால் பின் ட்ரிகருக்குப் போகும்போது கை முழுவதும் கொஞ்சம் பின்னால் நகர வேண்டும். அவர் கை நகரவில்லை, விரல் மட்டும் மடங்கியது.

பெரிய காலிபர் ரைஃபிள்களில்

இந்தியாவில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு யானை, காட்டெருமைக்கான ரைஃபிள்கள் கதையாகிவிட்டன. வேட்டைக்குச் சட்டம் இடம் கொடுக்கும் சில ஆப்பிரிக்க நாடுகளில் அவை இன்றும் புழங்குகின்றன, இந்த விரல் காயம் அங்கே நன்கு அறிந்த விஷயம். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக் குழல் ரைஃபிளின் குண்டு ஏறத்தாழ 32 கிராம், நம் 12 போரில் போகும் ஈயத்தின் எடைதான். ஆனால் வேகம் நொடிக்கு 650 மீட்டர் அளவு. துப்பாக்கி ஐந்து கிலோ கனமாக இருந்தும் பின்னுதைப்பு 90 ஜூலைத் தொடும். அங்கே நடுவிரல் கார்டோடு ஒட்டியிருந்தால் தோல் உரிவதோடு நிற்காது.

போல்ட் வகை ரைஃபிளில், அதாவது ஒவ்வொரு தோட்டாவுக்கும் பக்கவாட்டுக் கைப்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளும் வகையில், இன்னொரு இடம் சேர்கிறது. .375, .458 மாதிரி பெரிய காலிபர்களில் (குழல் அளவுகளில்) போல்ட் கைப்பிடியின் குமிழ் ஆள்காட்டி விரலின் முட்டிக்கு மிக அருகே இருந்தால், உதைக்கும்போது அது முட்டியில் அடிக்கும். குமிழ் பின்பக்கமாக அதிகம் வளைந்த ரைஃபிளில் இது அதிகம்.

இன்னொன்று இரட்டைக் குழலுக்கே உரியது, 12 போருக்கும் பொருந்தும். தளர்வாகப் பிடித்து முன் ட்ரிகரை இழுத்தால், உதையில் விரல் நழுவிப் பின் ட்ரிகரில் விழுந்து இரண்டு குழலும் அடுத்தடுத்து வெடித்துவிடலாம். அப்போது விரல், தோள், முகம் எல்லாவற்றுக்கும் இரட்டை உதை. குழல் எங்கே பார்த்துக்கொண்டிருக்கும் என்பது அதைவிடப் பெரிய கவலை.

எடுத்த முடிவுகள்

முதலில் வேண்டாம் என்று வைத்தவை. தடித்த கையுறை போடச் சொன்னார்கள். விரலுக்கும் ட்ரிகருக்கும் நடுவே தடித்த துணி வந்தால் எப்போது அழுத்துகிறோம் என்று தெரியாது. கார்டைச் சுற்றித் துணி சுற்றலாம் என்றார்கள். துணி அவிழ்ந்து பின் ட்ரிகர் பக்கம் போனால் என்ன ஆகும்? ஊரில் நல்ல ஆசாரி இருக்கிறார், கட்டையில் ஒரு துண்டு மரம் சேர்த்து நீளமாக்கித் தருவார் என்று அவரே கேட்டார். துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவர் கையில் அதைக் கொடுத்தால் விரல் காயத்தைவிடப் பெரிய தொல்லை வரும்.

எடுத்துக்கொண்டவற்றில் முதலிடம் பிடிக்கு. நடுவிரலுக்கும் கார்டின் பின் வளைவுக்கும் நடுவே ஒரு விரல் தடிமன் இடைவெளி. கழுத்தை மூன்று விரலும் உள்ளங்கையும் சேர்ந்து இறுக்கமாகப் பிடிக்க வேண்டும், ஆள்காட்டி விரல் மட்டும் தளர்வாக, நுனிச் சதை ட்ரிகரில். இடது கை முன்கட்டையை நன்றாகப் பற்றித் தோளை நோக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். பின்கட்டை தோளில் அழுந்திய பிறகே விரல் ட்ரிகருக்குப் போக வேண்டும். துப்பாக்கியும் உடம்பும் ஒன்றாகப் பின்னால் போனால் கார்டுக்கு ஓடி வந்து அடிக்க இடமே இல்லை.

அடுத்தது பின்கட்டை. அவர் கைக்குக் கட்டை குட்டை என்பது குள்ளமானவர் சுட்டபோதே தெரிந்தது. கழற்றி மாட்டக்கூடிய ரப்பர் உறை ஒன்று வாங்கி மாட்டினோம். இரண்டு சென்டிமீட்டர் நீளம் கூடியது, பிளாஸ்டிக் தகட்டின் வழுக்கலும் போனது. துப்பாக்கியில் எதையும் வெட்டவோ ஒட்டவோ இல்லை.

கட்டையில் இருந்த எண்ணெயை உலர்ந்த துணியால் பலமுறை துடைத்து எடுத்தோம். இனிமேல் கட்டைக்கு எண்ணெய் வேண்டாம் என்று சொன்னபோது அவருக்கு மனசே இல்லை.

கார்டுக்கு ரப்பர் வைப்பது பற்றி எனக்கும் மற்றவர்களுக்கும் வாக்குவாதம் நடந்தது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒரு காவலர் ஷீட் ரப்பரில் துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். அது வெயிலில் பிசுபிசுக்கும் என்பதால் சைக்கிள் ட்யூப் துண்டுக்கு மாறினோம், கார்டின் பின் வளைவில் மட்டும், ட்ரிகர் பக்கம் போகாதபடி இறுக்கமாகக் கட்டி. முதல் தடவைக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். மெத்தை இருந்தால் பிடி தப்பானது கைக்குத் தெரியாது.

மறுபடி சுடுமுன் வீட்டில் உரிமம் உள்ள துப்பாக்கியோடு, காலித் தோட்டாக் கூடு போட்டு, ட்ரிகர் இழுத்துப் பழகச் சொன்னோம். ஒரு நாளைக்குச் சில நிமிஷம் போதும். ட்யூப் துண்டு அப்போது கூடாது.

மறுபடி சுட்டபோது

இரண்டு மாதம் கழித்து. முதல் நாலு தோட்டாவும் ஒரு நேரத்தில் ஒரு குழலில் மட்டும் போட்டுச் சுட்டார். இரண்டாவது ட்ரிகரில் விரல் நழுவி விழுந்தாலும் வெடிக்க எதுவும் இருக்காது. மோதிரம் சட்டைப்பையில்.

நடுவிரலில் அடி இல்லை. ட்யூப் துண்டை எடுத்துவிட்டு அடுத்த இரண்டு. அப்போதும் இல்லை. வீடியோவில் கையும் கட்டையும் சேர்ந்தே நகர்ந்தன.

பிறகு அவருக்குத் தெரியாமல் ஒரு குழலில் சுட்ட கூட்டைப் போட்டுக் கொடுத்தோம். டிக் என்ற சத்தம்தான் வந்தது, ஆனால் குழல் முனை ஒரு கையளவு கீழே இறங்கியது. அடி போய்விட்டது, அடி வருமென்ற பயம் போகவில்லை. அவரே சிரித்துவிட்டார். "இது கைக்கு வந்த வியாதி இல்ல சாப், மனசுக்கு வந்தது" என்றார். காலிக் கூடும் நிஜத் தோட்டாவும் மாற்றி மாற்றிப் போட்டுச் சுட்டதில் நாள் முடிவதற்குள் முனை இறங்குவது பாதியாகக் குறைந்தது.

பின் ட்ரிகரில் ஒரு தடவை மறுபடி ஆள்காட்டி விரலில் தட்டியது. அவசரத்தில் கை பின்னால் நகரவில்லை. அடுத்ததில் நகர்த்தினார், தட்டவில்லை. இது முழுசாகப் போக இன்னும் பழக்கம் தேவை, வருஷத்துக்கு ஒரு பயிற்சியில் அது வராது.

விரல் இப்போது மடங்குகிறது. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் விறைப்பாக இருக்கிறது என்கிறார், மழைக்காலத்தில் கூடுதலாக. மோதிரத்தைப் பெரிதாக்கி இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

இனி செய்வது

மற்றக் காவலர்களின் கையைப் பார்த்ததில், இரண்டு பேருக்கு அதே நடுமூட்டில் பழைய காய்ப்பு இருந்தது. ஒருவருக்குக் கட்டைவிரலின் அடியில் வெட்டுத் தழும்பு. துப்பாக்கியைத் திறக்கும் மேல் நெம்புகோலுக்கு நேர் பின்னால் கட்டைவிரலை வைத்துச் சுட்டதால் வந்தது. மூன்று பேரும் யாரிடமும் சொன்னதில்லை. பட்டாளத்துக்காரன் விரல் வலிக்கிறது என்று சொல்வதா என்ற கூச்சம்தான்.

ஆகவே இப்போது பயிற்சி அன்று தோட்டா கொடுக்கும் முன் இரண்டு கையையும் நீட்டச் சொல்கிறோம். மோதிரம் கழற்றப்படுகிறது, கட்டையில் எண்ணெய் இருந்தால் துடைக்கப்படுகிறது, காலித் துப்பாக்கியில் பிடியைப் பார்த்து நடுவிரலுக்கும் கார்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பென்சில் நுழைத்துப் பார்க்கிறோம். முதல் இரண்டு தோட்டா எல்லோருக்கும் ஒற்றையாக. பயிற்சிப் பதிவேட்டில் எத்தனை தோட்டா, எத்தனை இலக்கில் என்பதற்குப் பக்கத்தில் கை என்று ஒரு பத்தி கூடியிருக்கிறது. போன தடவை அதில் ஒரே ஒரு பதிவு, இளைய காவலருடையது: ஆள்காட்டி விரல், பின் ட்ரிகர், லேசான சிவப்பு.